இடது பக்கத்து ஸ்பிரிங்

காஹாங் போலீஸ் நிலையத்தில் அந்தப் போன் மணி அடித்தபோது காலை ஏழரை. எடுத்த போலீஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் ஒருவன் அழுதுகொண்டே, "ஒரு ஆளைக் கொன்னுட்டேன், சீக்கிரம் வாங்க" என்றான். பெயர் கேட்டதற்குப் பெயர் சொன்னான். இடம் கேட்டதற்கு இடம் சொன்னான். வழி கேட்டதற்கு, எண்ணெய் ஆலை சந்திப்பில் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தான். இப்படி ஒரு கொலைகாரனை அந்த நிலையம் அதுவரை கண்டதில்லை.

குளுவாங்கிலிருந்து இன்ஸ்பெக்டர் ஷாமளா வந்து சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சாம்பல் நிறத்தில் உயரமான ஜீப் ஒன்று இடது பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். நெட்டை ஜாக் ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீண்டிருந்தன. பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சல் அந்த மனிதரின் மார்பின் மேல் இறங்கியிருந்தது.

செத்துக் கிடந்தவர் ராஜசேகரன். காஹாங்கிலிருந்து பெத்தா கிராமத்துக்கு, எண்டாவ் காட்டு வழியில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். மண் பாதை, பள்ளம், ஓடை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைச் சட்டை போட்டு எங்கோ கிளம்பியவர் மாதிரி கிடந்தார்.

போன் செய்தவன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். போமென் செல்வா. இந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொட்டகையும் அவனுடையதுதான்.

"ஜீப்பைக் கடைசியா எப்ப தொட்டீங்க?"

"நேத்து சாயங்காலம், மேடம். பின்னாடி ரெண்டு பக்கமும் பட்டை லீஃப் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டுச் சுருள் காயில் மாட்டினேன். அப்சார்பர் மட்டும் வரல. இன்னைக்கு வரும்னாங்க."

"ஜாக்கை இறக்கிட்டுத்தானே போனீங்க?"

"இறக்கினேன். நாலு சக்கரமும் தரையில நின்னப்புறம்தான் புது ஸ்பிரிங்குக்குப் பொட்டு வைப்பேன். வச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு." செல்வா தலையைப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் ஒரு போல்ட் மேல சந்தேகம் வந்துச்சு. திரும்பத் தூக்கினேனா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு போயிட்டேனா, அதுதான் தெரியல. தூங்கியே ரொம்ப நாளாச்சு மேடம். நான்தான் தூக்கி வச்சுட்டுப் போயிருப்பேன். அண்ணன் புது ஸ்பிரிங்கைப் பாக்க அடியில பூந்திருப்பாரு. நான்தான்."

"நான்தான், நான்தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டா எனக்கு இங்க என்ன வேலை?" என்றாள் ஷாமளா. அவளுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. லாபிஸில் இருக்கும் அவளைப் பெற்றவர்களே அதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு பொருளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அப்படித்தான் இப்போதும் எண்ணெய்த் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் இறந்தவரின் கைகளைப் பார்த்தாள். சுத்தமான கைகள். நகத்திலும் அழுக்கில்லை. தலையின் பின்புறம் ஒரு காயம். தரை சிமெண்டில் மோதியிருக்கலாம்.

பிறகு ஸ்பிரிங்குகள். புதுக் கறுப்புப் பெயிண்ட், இரண்டு முனையிலும் கிரீஸ். வலது ஸ்பிரிங்கின் மேல்சுற்றில், வெளியே நிற்பவர் கண்ணில் படும்படி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. இடது ஸ்பிரிங்கில் பொட்டைக் காணோம். டார்ச்சை அடித்துத் தேடியபோது, கீழ்ச்சுற்றில் உள்பக்கமாகச் சிவப்பு தெரிந்தது. "இதையும் ஒரு படம் எடு" என்றாள், கூட வந்திருந்த கோர்ப்பரல் ஹாஃபிஸிடம்.

ஹாஃபிஸ் எடுத்தார். "கேஸ் செலசாய், புவான்" என்றார் மெதுவாக. ஆளே ஒத்துக்கொண்ட பிறகு கேஸ் முடிந்த மாதிரிதானே என்பது அவர் கணக்கு.

செல்வாவை வெளியே காருக்கு அனுப்பியபின், தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் வண்டியின் அடிச்சட்டகமான சேசிஸில் கொக்கி போட்டு ஜீப்பைத் தூக்கினார்கள். சேசிஸ் மட்டும் மேலே போனது, ஆக்சல் கீழே தொங்கியது. டக்கென்று இடது ஸ்பிரிங் இருந்த இடத்தைவிட்டுக் கழன்று விழுந்து, உருண்டு, ஷாமளாவின் பூட்ஸில் முட்டி நின்றது. அலமாக்! அவள் ஓர் அடி பின்வாங்கிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் சாலையிலேயே நிறுத்தியிருந்ததால் அவள் துள்ளியதை ஊரார் யாரும் பார்க்கவில்லை.

செல்வாவின் மனைவி லோஷினி சாலையிலிருந்த கயிற்றைத் தாண்டி ஓடி வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தால், வந்ததும் புருஷனைத்தான் ஏசினாள். "வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா? கொன்னுட்டேன் கொன்னுட்டேன்னு ஊருக்கே போன் போடுறீங்களே!"

ஷாமளா அவளைத் தனியே அழைத்துப் போனாள்.

"அவரு சாப்பிட மறப்பாரு மேடம். கல்யாண நாளை மறப்பாரு. ஜாக்கை மறக்க மாட்டாரு. கையுறை இல்லாம ஒரு நட்டைத் தொட மாட்டாரு. நேத்து நான் தேத்தண்ணி கொண்டு வந்தப்ப ராஜா அண்ணனும் இருந்தாரு. இவரு அவருகிட்ட ரெண்டு தடவை சொன்னாரு: அப்சார்பர் மாட்டுற வரைக்கும் சேசிஸைத் தூக்கிடாதீங்க அண்ணே, ஸ்பிரிங்கைப் பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, கழண்டு விழுந்துடும்னு. அவரு சிரிச்சாரு. நான் எதுக்கு அழுக்குல கை வைக்கிறேன், பொட்டை மட்டும் மறந்துடாதேன்னாரு."

"யாரு, ராஜசேகரனா பொட்டு கேட்டாரு?"

"எந்தப் புதுச் சாமான் மாட்டினாலும் கேப்பாரு. இவருக்கு அதுல அவ்வளவா நம்பிக்கை இல்ல. அண்ணனுக்காக வைப்பாரு." அதுவரை நிமிர்ந்து நின்றவள், அந்த இடத்தில் உடைந்துபோனாள். "மேடம், இவரை உள்ள வச்சா பரவாயில்ல, எப்படியும் மீட்டுடுவேன். ஆனா நான்தான் கொன்னேன்னு இவரே நம்பிட்டாரு. அதுலருந்து எப்படி மீட்கிறது?"

பத்து மணிக்கு மேலதிகாரியின் போன் வந்தது. கவனக்குறைவால் மரணம், ஆளும் ஒத்துக்கொண்டான், சாயங்காலத்துக்குள் முடித்துவிடு என்றார். சரி என்று ஷாமளாவும் சொன்னாள். சொன்ன வாய் கசந்தது. அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று அவளால் அந்த நேரம் காட்ட முடியவில்லை. அந்தக் கீழ்ச்சுற்றுக் குங்குமம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ராஜசேகரனின் இரண்டாவது ஜீப்பை ஓட்டும் ரூபேந்திரனை அவள் முதலில் பார்த்தாள். சாப்பாட்டுக் கடையில், தொடாத ரொட்டி சானாய் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.

"காயில் போடச் சொன்னது யாரு?"

"நான்தான். ரெண்டு வருஷமா அண்ணன் காதுல ஓதிக்கிட்டே இருந்தேன். லீஃப்ல போனா உள்ள இருக்கிறவங்க குடலே வாய்க்கு வந்துடும் மேடம். போன மாசம் சிங்கப்பூர் அம்மா ஒருத்தங்க முதுகு பிடிச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டாங்க. காயில்னா ஒவ்வொரு சக்கரமும் பள்ளத்துல தனியா இறங்கி ஏறும், உள்ள ஆட்டம் தெரியாது. அதுக்கப்புறம்தான் அண்ணன் மனசு மாறினாரு."

"அப்ப காயில்ல குறையே இல்லையா?"

"ஏன் இல்ல? பாரம் ஏத்தினா பின்பக்கம் உக்காந்துடும். லீஃப் அப்படி இல்ல, எவ்வளவு போட்டாலும் தாங்கும். காட்டுக்குள்ள உடைஞ்சாலும் கட்டையை வச்சுக் கட்டி வீடு வந்து சேரலாம். ஆள் ஏத்துறதா சாமான் ஏத்துறதான்னு முதல்ல முடிவு பண்ணணும். அண்ணன் ஆளுன்னு முடிவு பண்ணிட்டாரு."

"உங்களுக்கும் அவருக்கும் சண்டைன்னு கேள்விப்பட்டேனே."

ரூபேந்திரனின் முகம் சுருங்கியது. "என்னையும் கூட்டாளியா சேத்துக்கங்கன்னு கேட்டேன். இப்ப வேணாம்டான்னாரு. கத்தினேன். அவ்வளவுதான் மேடம்."

"நேத்து சாயங்காலம் எங்க?"

"பெத்தாவுல ஆளை இறக்கிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். தனியாத்தான் வந்தேன். யாரும் பாக்கல." சொல்லிவிட்டு, அது எப்படிக் கேட்கும் என்று அவனுக்கே உறைத்தது போல, தட்டைத் தள்ளி வைத்தான்.

அடுத்தவர் தேவானந்தன். ராஜசேகரனின் பழைய கூட்டாளி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். அறுபதைத் தாண்டியும் கல் மாதிரி உடம்பு. பெத்தாவில் இருக்கும் தங்கும் விடுதிகளுக்குச் சிமெண்ட், கேஸ் சிலிண்டர், அரிசி எல்லாம் ஏற்றிப் போவது அவர் பொறுப்பு. அதுவும் அந்தச் சாம்பல் ஜீப்பில்தான். வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"வாரும் பிள்ளை. அந்தப் பெடியன் செல்வா ஒத்துக்கொண்டிட்டானாமே. பிறகு என்ன விசாரணை?"

பிள்ளை என்ற சொல் ஷாமளாவுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "சும்மா ரெண்டு கேள்வி அங்கிள். காயில் மாத்துறது உங்களுக்குப் பிடிக்கலையாமே?"

"எப்படிப் பிடிக்கும்? நான் பிழைக்கிறது சாமான் ஏத்தி. காயில் போட்ட வண்டியில என்னத்தை ஏத்துறது, பஞ்சையோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் கொண்டுபோய் விட்டிட்டான். நான் ஓட்டிப் பழகினது எல்லாம் லீஃப். அடுக்கடுக்காப் பட்டை போட்டு, ஆக்சலோட சேத்து இறுக்கின சாமான். சேசிஸைத் தூக்கினால் ஆக்சலும் சேந்து வரும். இது என்னெண்டால், தூக்கின உடன கழண்டு உருண்டு காலடியில வந்து நிக்குது! இதுவும் ஒரு ஸ்பிரிங்கோ?"

"அந்த ஜீப்பை நீங்க பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கிறேன்? செல்வாவின்ட கொட்டகைப் பக்கம் போய் ஒரு கிழமைக்கு மேல. காயில் வண்டி ஒண்டையும் என்ட சீவியத்தில தொட்டதில்லை, தொடப் போறதுமில்லை. நேற்றுப் பின்னேரம் வீட்டிலதான் படுத்திருந்தன்."

ஷாமளா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கார் ஆற்றுப் பாலம் தாண்டும்போதுதான் அந்த வாசல் பேச்சில் ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. "ஹாஃபிஸ், நிறுத்து" என்றாள். பாலத்துக்கு அப்பால் வண்டியை ஓரங்கட்டி, போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிலையத்துக்குப் போய், லாக்கப்பில் இருந்த செல்வாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கும், ஜோகூர் பாருவிலிருந்து வந்திருந்த தடய நிபுணருக்கும் போன் போட்டாள்.

மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். ரூபேந்திரன், தேவானந்தன், லோஷினி. விலங்கு மாட்டிய செல்வாவை ஹாஃபிஸ் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார். முன்சக்கரங்களுக்கென்று வாங்கிய காயில் ஸ்பிரிங்குகள் பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தன. ஷாமளா அதில் ஒன்றை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தாள்.

"ரூபன், வண்டியில மாட்டுறப்ப எப்படி இருக்குமோ, அப்படி இதை நிறுத்திக் காட்டுங்க."

ரூபேந்திரன் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தான். ஒரு முனை தட்டையாக இருந்தது. மறு முனை வெட்டிவிட்ட வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தட்டை முனையை மேலே வைத்து, வால் முனையைக் கீழே வைத்தான். அது நிற்காமல் சாய்ந்தது. "கையில பிடிச்சுக்கணும் மேடம். ஆக்சல்ல இந்த வாலுக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும்."

"நன்றி. இப்ப நீங்க, அங்கிள்."

"எனக்கு உது தெரியாதெண்டு சொன்னனான்தானே."

"தெரிஞ்ச மாதிரி வைங்க, போதும்."

தேவானந்தன் உதட்டைச் சுழித்துக்கொண்டு அதை வாங்கினார். ஒரு தரம் புரட்டினார். தட்டை முனையைக் கீழே வைத்து நிறுத்தினார். ஸ்பிரிங் ஆடாமல் அசையாமல் நின்றது. "இப்படி வைச்சால்தானே நிக்கும்" என்றார்.

"ஆமா. மேசையில அப்படித்தான் நிக்கும்" என்றாள் ஷாமளா. "நேத்து இந்த ஜீப்போட இடது பக்கத்துலயும் ஒருத்தர் அப்படியேதான் நிறுத்தினாரு."

தேவானந்தன் ஸ்பிரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"காலையில நான் பாத்தப்ப வலது ஸ்பிரிங்ல பொட்டு மேல இருந்துச்சு. இடதுல கீழ, அதுவும் உள்பக்கமா. பொட்டு எங்க வைப்பீங்கன்னு செல்வாகிட்ட கேட்டேன். ரெண்டு பக்கமும் மேல்சுற்றுல, வெளியே தெரியிற மாதிரின்னாரு. அப்படின்னா பொட்டு வச்சப்புறம் அந்த ஸ்பிரிங் கழண்டு விழுந்திருக்கு, யாரோ தலைகீழா மாட்டியிருக்காங்க. எப்படிக் கழண்டுச்சு? அப்சார்பர் இல்லாத வண்டியோட சேசிஸை ஜாக்கால தூக்கினதுல. செல்வா சேசிஸைத் தூக்க மாட்டாரு. தூக்கக் கூடாதுன்னு சொன்னதே அவருதான். தூக்கியிருந்தாலும் தலைகீழா மாட்ட மாட்டாரு."

"ராஜா அண்ணனே தூக்கியிருந்தா..." என்று இழுத்தான் ரூபேந்திரன்.

"ஸ்பிரிங்கோட ரெண்டு முனையிலும் கிரீஸ். அவரு கையில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. வேற ஆள்தான். காயில் தெரிஞ்ச ஆளுன்னா சரியா மாட்டியிருப்பாரு, எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சேசிஸைத் தூக்கினா ஆக்சலும் சேந்து வரும்னு கைப்பழக்கத்துல ஜாக்கை வச்சவரு, காலமெல்லாம் லீஃப் ஓட்டினவரு. ஸ்பிரிங் விழுந்ததும் பதறிப்போய், நிக்கிற மாதிரி எடுத்து உள்ள வச்சுட்டாரு." அவள் தேவானந்தனை நேராகப் பார்த்தாள். "தூக்கின உடன கழண்டு உருண்டு காலடியில வந்து நிக்குதுன்னு சொன்னீங்களே அங்கிள். இன்னைக்குக் காலையில அது என் காலடியிலதான் வந்து நின்னுச்சு. அப்ப அங்க நானும் ஹாஃபிஸும் பொம்பாக்காரங்களும்தான் இருந்தோம். காயில் வண்டியையே தொடாத நீங்க அதை எங்க பாத்தீங்க?"

"ஊருக்குள்ள ஆரும் சொல்லியிருப்பினம்."

"இருக்கலாம். ஸ்பிரிங்கோட உள்பக்கம், கிரீஸுல, நாலு விரல் பதிஞ்சிருக்கு. செல்வா கையுறை போடுறவரு. உங்க கையைக் கொஞ்சம் குடுங்க."

தேவானந்தன் கையை நீட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், பிரம்படிக்குப் பயந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அதைப் பார்த்து லோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்றார். "செல்வா போன பிறகு கொட்டகைக்கு வந்தன், ராஜா நிண்டவன். இனிச் சாமான் ஓட்டம் இல்லை, நீங்க வீட்டில இருங்கோ அண்ணை எண்டான். சிரிச்சுக்கொண்டு சொன்னான். என்னை இரும்புக் கடையில போடுற பழைய பட்டை எண்டு நினைச்சிட்டான் போல. பிடிச்சுத் தள்ளினன். மேசையில பூட்டின அந்த வைஸ் இரும்பில தலை அடிபட்டுது. விழுந்தவன் எழும்பேல்லை. செத்திட்டான் எண்டு நினைச்சுப் பயந்துபோனன். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி..."

"மூச்சு இருக்கான்னு கை வச்சுப் பாத்தீங்களா?"

தேவானந்தன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"டாக்டர் பாத்துட்டாரு அங்கிள். தலையில பட்ட அடி சின்ன அடிதான். மயக்கம் மட்டும்தான். ஜீப்பை மேல இறக்கினப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு."

தேவானந்தன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல் உடம்பு அப்படி மடங்கியதைப் பார்த்தாள் ஷாமளா. அடிபட்டதுமே இறந்துவிட்டார் என்று பொய் சொல்லியிருக்கலாமே என அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஹாஃபிஸ் செல்வாவின் விலங்கைக் கழற்றித் தேவானந்தனின் கையில் மாட்டினார்.

செல்வா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. விடுபட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்: "அப்ப நான் ஜாக்கை இறக்கிட்டுத்தான் போனேனா, மேடம்?"

"இறக்கிட்டுத்தான் போனீங்க."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். பொட்டைச் சரியா வச்சீங்க, ஜாக்கையும் இறக்கினீங்க, வீட்டுக்குப் போனீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

லோஷினி ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். காலையிலிருந்து தன்னைத் தானே சபித்துக்கொண்டு அழுதவன், இப்போதுதான் முதல் தடவையாக, "அண்ணே... ராஜா அண்ணே..." என்று செத்தவரைக் கூப்பிட்டு அழுதான். லோஷினி தடுக்கவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

தடயப் பொருளாக அந்த இடது ஸ்பிரிங்கைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஹாஃபிஸ் கார் டிக்கியில் வைக்கப் போனார். செல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"மேடம், அதைத் தொடக் கூடாதுன்னு தெரியும். ஆனா தலைகீழா இருக்குது. அண்ணன் கேட்டு வச்ச பொட்டு மேடம்."

ஷாமளா கையுறை மாட்டிக்கொண்டு, உறையோடு ஸ்பிரிங்கைத் திருப்பினாள். தட்டை முனை மேலே, வால் கீழே, பொட்டு வெளியே. அது நிற்காமல் சாய்ந்தது. அதனால் டிக்கியில் வைக்காமல் முன்சீட்டில் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, குளுவாங் வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.